எண்ணெய்க்கு ஒரு சங்கிலி, சங்கிலிக்கு ஒரு டென்ஷனர்

முதல்லயே சொல்லிடறேன், இது கார் எஞ்சின் பத்தின பதிவு. அதுக்காக கார் இல்லாதவங்க ஓடிடாதீங்க. நடுவுல பட்டுத்தறி வருது, பெரியம்மா வர்றாங்க, மறைமலை நகர் கூட வருது. எஞ்சினைக் கரைச்சுக் குடிச்ச மேதாவிங்க முதல் நாலஞ்சு பாராவைத் தாண்டிடலாம் :-)

எஞ்சினுக்குள்ள கிராங்க் ஷாஃப்ட் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்குல சுத்துது. அது பேரிங்கை நேரா உரசிக்கிட்டு சுத்தினா சீக்கிரமே கதை முடிஞ்சுடும். ரெண்டுக்கும் நடுவுல தலைமுடியை விட மெல்லிசா ஒரு ஆயில் படலம் இருக்கு. அந்தப் படலத்துல தான் அது மிதக்குது. படலம் கலையாம விடாம ஆயிலை அழுத்தி அனுப்பற வேலை ஆயில் பம்ப்போடது. கூலன்ட் கொதிச்சா ஓரங்கட்டி ஆற விடலாம், பேட்டரி போனா தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம். ஆயில் பம்ப் நின்னா அந்த மாதிரி சலுகை எதுவும் கிடையாது.

சரி, இந்தப் பம்ப்பை யார் சுத்தறாங்க? அம்பாசடர் காலத்துல கேம் ஷாஃப்ட்ல இருக்கற பல்சக்கரம் சுத்திவிட்டுச்சு. மாருதி 800ல பம்ப் கிராங்க்கோட மூக்குலயே நேரா உக்காந்திருக்கும். அதுக்கப்புறம் வந்த பல எஞ்சின்கள்ல பம்ப்பைக் கீழே ஆயில் சம்ப் உள்ளேயே வச்சுட்டாங்க. ஆயில் பக்கத்துலயே இருக்கு, உறிஞ்சறது சுலபம். கிராங்க்ல இருந்து ஒரு சின்ன சங்கிலி இறங்கி பம்ப்பைச் சுத்தும். ரெண்டு பக்கமும் பல் எண்ணிக்கையை மாத்தி வச்சா, பம்ப்பை எஞ்சினை விட மெதுவாவும் சுத்த வைக்கலாம். பம்ப் இழுக்கற சக்தி மிச்சம், பெட்ரோலும் கொஞ்சம் மிச்சம்.

சங்கிலின்னு வந்துட்டா தொய்வும் வந்துடும். கிராங்க் ஒரே சீரா சுத்தறதா நமக்குத் தோணும். உண்மையில ஒவ்வொரு சிலிண்டர் வெடிக்கறப்பவும் ஒரு உதை, அப்புறம் ஒரு தளர்ச்சி. நாலு சிலிண்டர் வண்டியில சுத்துக்கு ரெண்டு வெடிப்பு. ஐடிலிங்ல 800 சுத்துன்னு வச்சா, நொடிக்கு 27 தடவை இந்தச் சங்கிலி இழுபட்டு விடுபடுது. போதாக்குறைக்கு, அலுமினிய எஞ்சின் சூட்டுல விரியறது இரும்புச் சங்கிலி விரியறதைப் போல ரெண்டு மடங்கு. அதனால ஜில்லுனு இருக்கறப்ப ஒரு தொய்வு, சூடானதும் வேற தொய்வு. வருஷக்கணக்குல கண்ணிகளோட பின்னும் புஷ்ஷும் தேயும். ‘செயின் நீண்டுடுச்சு’ன்னு சொல்றோமே, அங்க இரும்பு ஒண்ணும் ரப்பர் மாதிரி நீளறதில்லை. ஒவ்வொரு மூட்டும் துளித்துளியா தேய்ஞ்சு, எல்லாம் கூட்டுச் சேர்ந்து நீளமாத் தெரியுது.

இத்தனை மாத்தத்தையும் சமாளிக்க ஒரு சின்ன ஸ்பிரிங், அதோட முனையில ஒரு பிளாஸ்டிக் பட்டை. சங்கிலியோட தொய்யற பக்கத்துல சாய்ஞ்சுக்கிட்டே இருக்கும். அது தான் டென்ஷனர். உள்ளங்கையில அடங்கற சாமான்.

இப்ப மேட்டருக்கு வருவோம்.

தேசூர் திருவண்ணாமலை மாவட்டத்துல, வந்தவாசிப் பக்கம் இருக்கற பேரூராட்சி. கடையில ‘ஆரணிப் பட்டு’ன்னு சொல்லி எடுத்துக்கிட்டுப் போற சேலைகள்ல கொஞ்சம் எங்க ஊர் மாதிரி சுத்துப்பட்டு ஊர்த் தறியில நெய்ஞ்சதா இருக்கும். பெரியப்பா பையன், எனக்கு அண்ணன், அங்க மூணு தறி வச்சிருக்கார். ஒண்ணுல அவரே உக்காருவார். பாவும் ஜரிகையும் வாங்கிட்டு வர்றதுக்கும், முடிஞ்ச சேலையைக் கொண்டு போறதுக்கும் முன்னாடியெல்லாம் பஸ் தான். அப்புறம் பெரியம்மாவுக்கு கிட்னி பிரச்சனை வந்தது. வாரத்துக்கு ரெண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். காலையில அஞ்சு மணிக்குக் கிளம்பணும். போகும்போது நல்லாத்தான் போவாங்க, வரும்போது துவண்டு போயிருப்பாங்க. அந்த நிலைமையில பஸ்ல எப்படி கூட்டிட்டு வர்றது? அதுக்காகத்தான் அண்ணன் செகண்ட் ஹேண்ட்ல ஒரு பெட்ரோல் கார் வாங்கினார். நாலு சிலிண்டர், அலுமினிய எஞ்சின், பத்து வருஷத்துக்கு மேல ஓடினது. கம்பெனி பேர் இங்க தேவையில்லை.

போன வருஷம் அந்த வண்டியில ஒரு சத்தம் ஆரம்பிச்சுது. காலையில முதல் ஸ்டார்ட்ல மூணு நாலு நொடிக்கு சரசரன்னு, சில்லறை போட்ட டப்பாவைக் குலுக்கற மாதிரி. அப்புறம் அடங்கிடும். ஒரு மாசத்துல சூடான ஐடிலிங்லயும் லேசா கேக்க ஆரம்பிச்சுது. ஆயில் லைட் மட்டும் எரியவே இல்லை.

பார்த்தவங்க எல்லாரும் சொன்னது ஒண்ணு தான். “லைட் எரியலையே. ஓடற வண்டியை எதுக்குப் பிரிக்கணும்?”

இந்தக் கேள்வியை நான் குறை சொல்ல மாட்டேன். மாசத்துக்கு இத்தனை சேலைன்னு எண்ணிப் பொழைக்கறவங்களுக்கு அது புத்திசாலித்தனமான கேள்வி தான். ஆனா அந்த லைட் என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சுக்கணும். ஆயில் விளக்கோட சுவிட்ச் பெரும்பாலான வண்டிகள்ல அரை கிலோ பிரஷருக்கும் கீழே இறங்கினா தான் விளக்கைப் போடும். வேகமா ஓட்டறப்ப எஞ்சினுக்கு வேண்டியது ரெண்டு, மூணு கிலோ. ஆக அந்தச் சிவப்பு விளக்கு வரப்போற ஆபத்தைச் சொல்றதில்லை, வந்துட்டதைச் சொல்லுது. அது எரிஞ்ச பிறகு ‘அடுத்த ஊர் வரைக்கும் போயிடலாம்’னு ஓட்டினவங்க நிறைய பேர் எஞ்சினைப் பறிகொடுத்திருக்காங்க.

வந்தவாசியில ஒரு மெக்கானிக் இருக்கார், எல்லாருக்கும் அவர் பாய் தான். வண்டியைக் கொண்டு போனதும் பானெட்டைத் திறந்தார். நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒண்ணோட முனையை எஞ்சின்ல வச்சு, கைப்பிடியைக் காதுல வச்சார். மேலே, பக்கவாட்டுல, கடைசியா அடியில. “மேல செயின் நல்லாருக்கு தம்பி. சத்தம் கீழேருந்து வருது, பம்ப் செயின்” அப்படின்னார். பிரஷர் சுவிட்ச்சைக் கழட்டிட்டு அந்த ஓட்டையில ஒரு மீட்டரை மாட்டினார். சூடான ஐடிலிங்ல முக்கால் கிலோ. 2000 சுத்துல ஒண்ணரையைத் தாண்டல. விளக்கு ஏன் எரியலைன்னும் தெரிஞ்சுது, எவ்வளவு கிட்டத்துல நிக்கறோம்னும் தெரிஞ்சுது.

பாய் கணக்கு போட்டார். புது டென்ஷனர், செயின், பம்ப் ஸ்ப்ராக்கெட், ஆயில், ஃபில்டர், கூலி எல்லாம் சேர்த்து பதினேழாயிரம். மூணு நாள் வேணும். அண்ணன் முகத்தைப் பார்க்கணுமே! பணத்தை எப்படியோ புரட்டிடலாம். மூணு நாளுக்கு எங்க போறது? செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் நடுவுல இருக்கறதே ரெண்டரை நாள்.

அப்ப பக்கத்து லேத் பட்டறைக்காரர் உள்ளே வந்தார். நல்ல மனுஷன், உதவி செய்யணும்னு தான் சொன்னார். “எதுக்குபா அவ்ளோ செலவு? சம்ப்பை இறக்கி, அந்த ஸ்பிரிங்குக்குப் பின்னாடி ரெண்டு வாஷரை வை. இல்லைன்னா ஒரு போல்ட் வச்சு செயினை டைட் பண்ணி லாக் பண்ணிடலாம். ஆயிரத்து ஐநூறுல முடிஞ்சுடும், ஒரே நாள்.”

நான் என்னத்தையோ இங்கிலீஷ்ல படிச்சதைச் சொல்லலாம்னு வாயைத் திறந்தேன். அண்ணன் முந்திக்கிட்டார்.

“அண்ணே, தறியில பாவை இழுத்துப் பிடிக்க கயித்தைச் சுத்தி கல்லு கட்டித் தொங்க விடறோம். ஏன் முடிச்சுப் போட்டு இறுக்கிக் கட்டறதில்லை? கல்லு தொங்கினா பாவு கொஞ்சம் நீண்டாலும் அதே இழுப்பு இருக்கும், மிதி மிதிக்கறப்ப இழை தூக்கினாலும் கல்லு ஏறிக் கொடுக்கும். முடிச்சு போட்டா இழை அறுந்துடும். காலையில ஒரு பதம், ஈரக் காத்து அடிச்சா ஒரு பதம். இறுக்கிக் கட்டினவன் நாள் பூரா இழை முடிஞ்சுக்கிட்டே உக்கார வேண்டியது தான்.”

லேத்துக்காரர் சிரிச்சுட்டார். பாய் “அவ்ளோ தான் விஷயம்” அப்படின்னார்.

உண்மையிலேயே அவ்வளவு தான். கல்லுக்குப் பதிலா இங்க ஸ்பிரிங். எஞ்சின் சூடானதும் அலுமினியம் விரிஞ்சு ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல தூரம் கூடும், சங்கிலி தானா இறுகும். ஜில்லுனு இருக்கறப்பவே போல்ட் போட்டு இறுக்கி வச்சா, சூட்டுல அது இன்னும் இறுகிப் பட்டையை அறுக்கும், பம்ப் பேரிங்கை ஒரு பக்கமா இழுக்கும். கொஞ்ச நாள் சத்தம் இருக்காது, அது தான் இதுல மோசமான விஷயம். சத்தம் போச்சுன்னு நிம்மதியா இருப்போம், உள்ளே தேய்மானம் வேகமா நடக்கும். டென்ஷனரை ‘அப்கிரேட்’ பண்றதுன்னா இன்னும் இறுக்கமா போடறது இல்லை. இறுக்கம் மாறாம, தேயறது மட்டும் கம்மியா இருக்கற ஒண்ணைப் போடறது.

செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் முடிஞ்சு வந்ததும் மத்தியானமே வண்டியை பாய் கிட்ட விட்டோம். சாயங்காலம் சம்ப் இறங்குச்சு. ஸ்ட்ரெய்னர் வலையைப் பார்த்ததும் எனக்கு வயித்தைக் கலக்குச்சு. கறுப்புக் கறுப்பா பிளாஸ்டிக் துணுக்கு, எள்ளு சைஸ்ல இருந்து அரிசி சைஸ் வரைக்கும். கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு வலை அடைச்சிருந்தது. டென்ஷனர் பட்டையில சங்கிலி ரெண்டு வரி ஆழமா உழுதிருந்தது, ஒரு ஓரம் உடைஞ்சே போயிருந்தது. பிரஷர் ஏன் குறைஞ்சுதுன்னு அப்பத்தான் முழுசாப் புரிஞ்சுது. தொய்வான சங்கிலியும் பம்ப்பைச் சுத்தத்தான் செய்யும். ஆனா பட்டையிலேருந்து உதிர்ந்தது ஸ்ட்ரெய்னரை அடைச்சு, பம்ப்போட தொண்டையைப் பிடிச்சிருந்தது.

பார்ட்ஸ் சென்னை ஜி.பி. ரோடு கடையிலேருந்து புதன்கிழமை ராத்திரி பஸ் பார்சல்ல வந்தது. பிரிச்சா பழைய மாடல் டென்ஷனர்! இதுல ஒரு விஷயம் கவனிக்கணும். இந்த மாதிரி பார்ட்டைக் கம்பெனிக்காரங்க சத்தமில்லாம திருத்துவாங்க. நம்பர் அதே தான் இருக்கும், கடைசியில ஒரு எழுத்து மட்டும் மாறும். பழசும் பல வருஷம் கடை அலமாரியில கிடக்கும், அதுவும் அப்படியே பொருந்தும். பாய் நம்பரைப் பார்த்துட்டு “இது வாணாம்” அப்படின்னுட்டார்.

வியாழக்கிழமை விடிகாலை முதல் பஸ்ல அண்ணன் சென்னை கிளம்பிட்டார், கையில ஒரு துணியில பழைய டென்ஷனரைச் சுத்திக்கிட்டு. நாலு கடை ஏறி இறங்கி சரியான நம்பரை வாங்கிட்டு சாயங்காலம் நாலரைக்கு நேரா பாய் பட்டறைக்கு வந்தார். பழசையும் புதுசையும் பக்கத்துல வச்சுப் பார்த்தோம். போல்ட் ஓட்டை ரெண்டும் அதே இடம். பட்டை மட்டும் கொஞ்சம் நீளம், தடிமனும் ஜாஸ்தி, பிளாஸ்டிக்கே வேற நிறம். ஸ்பிரிங் பிடிப்பு கையில பார்க்க ஒண்ணும் பெரிய வித்தியாசம் தெரியல. அண்ணன் விரலால அழுத்திப் பார்த்துட்டு, “கல்லு அதே கல்லு தான், கயிறு தான் புதுசு” அப்படின்னார்.

மாட்டினதுக்கப்புறம் பாய் செஞ்ச ஒரு வேலையை இங்க பதிஞ்சு வைக்கணும். பம்ப்புக்குள்ள கையாலேயே ஆயில் ஊத்தி நிரப்பித்தான் மாட்டினார். அனபாண்ட் தடவி சம்ப்பை ஏத்தி, அது காயற வரைக்கும் விட்டார். அப்புறம் பெட்ரோல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிட்டு, எஞ்சின் உயிர் வராம வெறும் ஸ்டார்ட்டர்ல விட்டு விட்டு சுத்தினார். ஆயில் லைட் அணைஞ்ச பிறகு தான் ஃபியூஸைத் திரும்பப் போட்டார். இதைச் செய்யாம நேரா ஸ்டார்ட் பண்ணினா, புது டென்ஷனர் போட்ட அன்னிக்கே பேரிங் காஞ்சு ஓடும்.

ராத்திரி பதினோரு மணிக்கு மீட்டர்ல சூடான ஐடிலிங் ஒண்ணே கால் கிலோ, 2000 சுத்துல மூணு. வெள்ளிக்கிழமை காலை அஞ்சு மணிக்குப் பெரியம்மா ஏறி உக்காந்து கேட்ட ஒரே கேள்வி, “இதுக்கா பதினேழாயிரம்? வெளியில ஒண்ணும் தெரியலையே!”

இது ஏதோ ஒரு பழைய வண்டியோட தலையெழுத்துன்னு நினைச்சுடாதீங்க. பெரிய கம்பெனிங்க கூட இந்தச் சின்ன சாமான்ல தடுக்கி விழுந்திருக்காங்க, எல்லாம் ஊரறிஞ்ச விஷயம் தான். (அண்ணன் வண்டி கீழே சொல்ற ரெண்டுலயும் சேர்த்தி இல்லை.)

முதலாவது நம்ம பக்கத்துலயே. அமெரிக்காவுல ஃபோர்டு எக்கோஸ்போர்ட் 2018ல விற்பனைக்கு வந்துச்சே, அந்த வண்டிங்க எல்லாம் நம்ம மறைமலை நகர்ல செஞ்சு கப்பல் ஏறினது. 2023 டிசம்பர்ல அங்க ஒரு ரீகால் அறிவிச்சாங்க. 1.0 லிட்டர் எஞ்சின் போட்ட 2018 - 2022 மாடல் எக்கோஸ்போர்ட்டும், 2016 - 2018 ஃபோகஸும் சேர்த்து ஒரு லட்சத்து 39 ஆயிரம் சொச்சம் வண்டி. காரணம், ஆயில் பம்ப்பைச் சுத்தற பெல்ட்டோட டென்ஷனர் உடையலாம், இல்லை பெல்ட்டோட பல் போகலாம். அதுல சங்கிலிக்குப் பதிலா ஆயில்லயே நனைஞ்சு ஓடற பெல்ட். மத்தபடி டென்ஷனருக்கு அதே வேலை தான். பிரஷர் போனா எஞ்சின் நிக்கலாம், பிரேக்குக்குக் கிடைக்கற உதவியும் போகலாம்னு சொன்னாங்க. இதே 1.0 லிட்டர் எஞ்சின் 2012, 2013, 2014னு மூணு வருஷம் தொடர்ந்து ‘சர்வதேச சிறந்த எஞ்சின்’ விருது வாங்கினது. விருது வாங்கின எஞ்சினும் ஒரு டென்ஷனரை நம்பித்தான் ஓடுது!

ரீகால் வந்தப்ப அதைச் செஞ்ச தொழிற்சாலையே மூடியிருந்தது. 2021 செப்டம்பர்ல ஃபோர்டு இந்தியாவுல கார் தயாரிப்பை நிறுத்தறதா அறிவிச்சது, மறைமலை நகர்ல 2022 ஜூலையில கடைசி வண்டி இறங்குச்சு. 2025 அக்டோபர்ல அதே இடத்துல எஞ்சின் தயாரிக்க தமிழக அரசோட ஒப்பந்தம் போட்டிருக்காங்க, 2029ல ஆரம்பிக்கறதா திட்டம். நல்லபடியா வரட்டும்.

ரெண்டாவது பி.எம்.டபிள்யூ. என்20ன்னு ஒரு நாலு சிலிண்டர் டர்போ எஞ்சின். டைமிங் செயினோட பிளாஸ்டிக் கைடு உடையுது, ஆயில் பம்ப் செயினும் சேர்ந்து தேயுதுன்னு அமெரிக்காவுல வண்டிக்காரங்க கேஸ் போட்டு, கடைசியில சமரசத்துல முடிஞ்சுது. காரோட விலை எத்தனை லட்சமா இருந்தா என்ன, உள்ளே சங்கிலியைத் தாங்கிப் பிடிக்கறது ஒரு பிளாஸ்டிக் பட்டை தான்.

உங்க வண்டியிலயும் இப்படி சங்கிலி வச்ச பம்ப் இருந்தா, எனக்குத் தெரிஞ்ச வரைக்கும்:

1. ஜில்லுனு ஸ்டார்ட் பண்ணும்போது அடியிலேருந்து சரசரன்னு சத்தம் வந்து, வாரத்துக்கு வாரம் கூடினா, லைட்டுக்காகக் காத்திருக்காதீங்க. ஒரு மீட்டரை மாட்டிப் பாருங்க, அரை மணி நேர வேலை.

2. ஆயில் மாத்தும்போது பழைய ஆயிலை ஒரு வலையில வடிகட்டச் சொல்லுங்க, ஃபில்டரையும் வெட்டிப் பாருங்க. கறுப்புத் துணுக்கு இருந்தா சம்ப்பை இறக்கறது நல்லது.

3. டென்ஷனரை மட்டும் மாத்தி, தேய்ஞ்ச செயினை விட்டு வைக்காதீங்க. தேய்ஞ்ச செயின் புதுப் பட்டையையும் உழும்.

4. ஸ்பிரிங்கை இழுத்து விடறது, வாஷர் வைக்கறது, போல்ட் போட்டு லாக் பண்றது வேண்டாம்.

5. பார்ட் நம்பரோட கடைசி எழுத்து வரைக்கும் பாருங்க. பழசைக் கையில எடுத்துட்டுப் போங்க.

6. ஆயில் கிரேடும் மாத்தற கிலோமீட்டரும் புத்தகத்துல போட்டிருக்கறது தான். பெட்டி மேல சிங்கம் படம் இருக்குன்னு கெட்டியான ஆயிலை ஊத்தினா, குளிர்ல அது மெதுவாத்தான் ஏறும்.

‘ஓடற வண்டியை எதுக்குப் பிரிக்கணும்’னு கேட்டவங்களுக்கு அண்ணன் இப்ப சொல்ற பதில் இது: ஓடறப்ப பிரிச்சா எந்தக் கிழமைன்னு நாம முடிவு பண்ணலாம். நின்னதுக்கப்புறம் அது முடிவு பண்ணும், அது வெள்ளிக்கிழமையாத்தான் இருக்கும்.

டிஸ்கி: தறியில கல்லு கட்டறதைப் பத்தி நான் சொன்னது அண்ணன் வீட்டு முறை. உங்க ஊர்ல வேற மாதிரி இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க, தெரிஞ்சுக்கறேன். வண்டி கம்பெனி பேரைக் கேட்டு மட்டும் யாரும் கும்மி அடிக்க வேண்டாம், சொல்ல மாட்டேன் :-)